கைப்பிடி இறுகிய நேரம்

திருமலைராயன்பட்டினம்
8.10.2023

அன்பு மகன் ஆரோக்கியஜோசப்புக்கு அப்பா சந்தனசாமி எழுதுவது.

என் முழங்காலைத் தவிர இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் உடம்புக்கு அந்த ஊர்க் குளிர் ஒத்துக்கொண்டதா என்று உன் அம்மா தினமும் என்னைத்தான் கேட்கிறாள், நான் என்னமோ குளிரை எடைபோட்டு அனுப்பி வைத்தவன் மாதிரி. கடிதத்தில் அங்கங்கே கறுப்பாக இருந்தால் உங்கள் அதிகாரி அடித்தது என்று நினைக்காதே. கீழவாஞ்சூர் லாரி எடைமேடையில் உட்கார்ந்து எழுதுகிறேன், நிலக்கரித் தூசு. ஃபோன் எட்டாத மலையில் உன்னை ஏற்றிவிட்டு, பத்தாவதை இரண்டு தடவை எழுதியவனைக் கடிதமும் எழுத வைத்துவிட்டார்கள்.

ஒரு சேதி. திட்டாமல் படி.

நம் கூடத்தில் உன் தாத்தா படம் இருக்கிறதே, பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதுதான் சிப்பாயாக, வியட்நாமில் சைகோன் பக்கம் இருந்தபோது எடுத்தது. ஒரு சின்ன இருக்கையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் ஏதோ சுற்றுவார். பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரன் காதில் கருவி மாட்டிக்கொண்டிருப்பான். சின்ன வயதில் அதைத் தையல் மெஷின் என்று நினைத்து, என் அப்பா பட்டாளத்துத் தையல்காரர் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். அச்சு அசலாக அதே சாமானைக் காதர் பாட்சா பாயின் பழைய இரும்புக் கடையில் பார்த்தேன். புதுச்சேரியில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டைக் காலி செய்தபோது வந்ததாம். பச்சைப் பெட்டி ஒன்று, சுற்றுகிற டைனமோ ஒன்று, தந்தி தட்டும் கட்டை ஒன்று.

“சந்தனசாமி, இது என்னங்க, கரும்புச் சாறு புழியிறதா?” என்றார் பாய். எடைக்கு எடை இரும்பு கொடுத்தால் எடுத்துப்போகலாம் என்றார். நம் இரும்புக் கட்டிலைக் கொடுத்துவிட்டேன்.

“பட்டாளத்துக்குப் புள்ளையைக் குடுத்தாச்சு, இப்பக் கட்டிலையும் குடுத்தாச்சா?” என்று உன் அம்மா கேட்டாள். நான் சாப்பிட உட்கார்ந்துவிட்டேன்.

உன் தங்கை பெனிட்டா பிசிக்ஸ் படிக்கிற பெண் அல்லவா, துடைத்து ஒயரை மாட்டினாள். நான் சுற்றினேன். உள்ளே ஒரு குட்டி விளக்கு மினுங்கியது, மற்றபடி ஊமை. அவள் கட்டையை டொக் டொக்கென்று தட்டிக்கொண்டிருந்தாள். டைனமோவில் ஒரு கோளாறு: நன்றாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே கைப்பிடி திடீரென்று இறுகுகிறது, எதிரே யாரோ பிடித்துக்கொண்ட மாதிரி. பிறகு விட்டுவிடுகிறது. துருதான். அம்மா தலைக்கு வைத்திருந்த தேங்காய் எண்ணெயை ஊற்றியிருக்கிறேன்.

ஈரக் காலுறையோடு தூங்காதே. மாதா துணை.

அப்பா

*

இராணுவத் தபால் வழி
2.11.2023

அன்புள்ள அப்பாவுக்கு,

உதடு வெடித்ததைத் தவிர எனக்கு ஒன்றுமில்லை. அம்மா போடும் நொச்சி ஒத்தடத்தை முழங்காலுக்கு விடாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பா, இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பெட்டி வீட்டில் இருக்கக் கூடாது. அது வெறும் ரேடியோ இல்லை, சேதி அனுப்புகிற செட். உரிமம் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். அதிலும் நம் ஊர் கடற்கரை. போலீஸ் பிடித்தால் உங்கள் பெயருக்கு அடுத்த வரியில் என் பெயரை எழுதுவார்கள்: மகன், இராணுவ சிக்னல் பிரிவு. அதற்குப் பிறகு நான் சொல்லும் எதையும் யாரும் நம்ப மாட்டார்கள். மரத்தில் ஏரியல் கம்பி கட்டாதீர்கள். அந்தக் கட்டையை, எங்கள் பாஷையில் கீ, தொடாதீர்கள்.

நீங்கள் சிரிக்க ஒன்று. இங்கேயும் அப்படி ஒரு பழசு உண்டு. குளிரில் பேட்டரி எல்லாம் செத்துப்போனால் எடுப்பதற்கு, கையால் சுற்றும் டைனமோவோடு ஒரு செட். சுற்றுவது சமையல்காரர் பிஷன் சிங். நாள் முழுக்க ரொட்டி மாவு பிசைந்து அவருக்குக் கை உலக்கை மாதிரி இருக்கிறது. நான் கீ பக்கம், அவர் கைப்பிடி பக்கம். அந்த இருக்கையில் நான் ஒருநாள்கூட உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தால் ரொட்டி கிடையாது என்று மிரட்டி வைத்திருக்கிறார்.

பெனிட்டாவிடமும் இதைச் சொல்லுங்கள். பெட்டியைப் பாயிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் ஜோசப்

*

திருமலைராயன்பட்டினம்
21.11.2023

அன்பு ஜோசப்புக்கு,

உன் வெடித்த உதட்டுக்கு அம்மா வெண்ணெய் அனுப்பப் பார்த்தாள். வெண்ணெய் போய்ச் சேராது, பாத்திரம்தான் போய்ச் சேரும் என்று சொல்லித் தடுத்தேன். இங்கே மழை விடவில்லை. வரிச்சிக்குடி பக்கம் நட்ட நாற்று தண்ணீருக்குள் நிற்கிறதாம். என் முழங்கால் வானிலை அறிக்கை வாசிக்கிறது.

நீ சொன்னபடியே ஆயிற்று. பாய் திருப்பி எடுக்க மாட்டேன் என்றுவிட்டார். பெட்டியைப் பழைய சேலையில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். அதுவும் தூங்குகிறது, நானும் தூங்குகிறேன்.

உன் சமையல்காரரைப் பற்றிப் படித்ததும் உன் தாத்தா நினைவு வந்தது. சதுப்புக் காட்டில் எதிரி சூழ்ந்து நிற்பானாம். வெள்ளைக்காரன் தட்டுவான், இவர் குனிந்த தலை நிமிராமல் சுற்றுவார். அவன் காதில் விழுவது இவருக்கு விழாது. சேதி போனால் விமானம் வரும், போகாவிட்டால் விடியலைப் பார்க்க முடியாது. “சேதி போச்சான்னு அந்த ஆளைக் கேக்க மாட்டீங்களா?” என்று நான் கேட்டதற்கு, “கேக்க என்னடா இருக்கு?” என்றார். ரேஷன் அரிசியைத் தூக்கிக்கொண்டு வந்து நான் முனகினால் மட்டும், “கை கனக்குதா? அப்ப சேதி போகுது” என்பார். சுமை தூக்காமல் தப்பிக்கப் பெரியவர் கண்டுபிடித்த வித்தை என்று நினைத்துக்கொள்வேன்.

பிஷன் சிங்குக்கு என் வணக்கம் சொல். ரொட்டி கொடுப்பவரைப் பகைத்துக்கொள்ளாதே.

அப்பா

*

இராணுவத் தபால் வழி
10.12.2023

அன்புள்ள அப்பாவுக்கு,

எந்தக் கட்டில்? கட்டிலைத்தான் பாயிடம் கொடுத்துவிட்டீர்களே.

நான் நலம். நாளை இன்னும் மேலே இருக்கும் காவல் முகாமுக்குப் போகிறோம். ஹெலிகாப்டர் வந்தால்தான் தபால். தாமதமானால் அம்மா பயப்பட வேண்டாம். கிறிஸ்துமஸ் குடிலில் எனக்குப் பதிலாகப் பெனிட்டா நட்சத்திரம் மாட்டட்டும்.

அப்பா, கேட்டதற்குப் பதில் எழுதுங்கள்.

ஜோசப்

*

திருமலைராயன்பட்டினம்
28.1.2024

அன்பு மகனுக்கு,

நீ சுகமாக இருக்கிறாய் என்று எழுதித்தான் இதைத் தொடங்குகிறேன். அப்படித் தொடங்கினால் அப்படியே இருக்கும் என்று உன் அம்மா சொல்கிறாள்.

உன் கடைசிக் கடிதம் டிசம்பர் பதினெட்டில் வந்தது. கிறிஸ்துமஸ் போனது, புது வருஷம் போனது, பொங்கலும் போனது. டி.வி.யில் பனிச்சரிவு என்று காட்டினான். எந்த இடம் என்று சொல்லவில்லை, மலையை மட்டும் காட்டினான். எல்லா மலையும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. அம்மா சாப்பிட உட்காருகிறாள், தட்டைப் பிசைந்துகொண்டே இருக்கிறாள், எழுந்துவிடுகிறாள். நான் எடைமேடையில் ஒரே லாரிக்கு இரண்டு தடவை சீட்டு எழுதிக் கொடுத்து ஓட்டுநரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

போன வாரம் தென்னை மரத்தில் ஏறிப் பாதியில் வழுக்கி விழுந்தேன். பெரிய அடி இல்லை. ஐம்பத்தாறு வயதில் எதற்கு மரம் ஏறினேன் என்று கேட்காதே. தேங்காய்தான்.

ஒரு வரி போடு. வெறும் கையெழுத்து இருந்தாலும் போதும்.

அப்பா

*

இராணுவத் தபால் வழி
11.2.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். வலது கையில் இரண்டு விரல் இன்னும் உணர்வில்லாமல் இருக்கிறது, சரியாகிவிடும் என்கிறார்கள். அதனால்தான் எழுத்து இப்படி. மரம் ஏறாதீர்கள்.

எழுதக் கூடியதை மட்டும் எழுதுகிறேன். ஜனவரி ஒன்பதாம் தேதி எங்கள் ஆட்கள் ஐந்து பேர் ரோந்து போயிருந்தார்கள். அவர்கள் கடக்க வேண்டிய ஓடைக்கு மேலே பனி விரிசல் விடுவதை முகாமிலிருந்து பார்த்தோம். பேட்டரி எல்லாம் குளிரில் செத்திருந்தது. பழைய செட்டை எடுத்தோம். பிஷன் சிங் சுற்றினார். ‘கடக்காதே, திரும்பு’ என்று அனுப்ப வேண்டியது என் வேலை. நேரம் மூன்றே முக்கால்.

அவர்களுக்குச் சேதி கிடைக்கவில்லை. கடந்தார்கள். நாலு பேர் திரும்பினார்கள். நாயக் பதவியில் இருந்த தாபா திரும்பவில்லை. என்னைவிட ஒரு வயது மூத்தவர். என் கட்டிலுக்கு அடுத்த கட்டில்.

இப்போது விசாரணை நடக்கிறது. நான் அனுப்பவே இல்லை, பயத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, பிறகு பதிவேட்டில் ‘அனுப்பப்பட்டது’ என்று எழுதிக்கொண்டேன் என்பது சந்தேகம். அனுப்பினேன் என்று சொல்லியிருக்கிறேன். அம்மாவிடம் விசாரணை பற்றிச் சொல்ல வேண்டாம்.

ஜோசப்

*

திருமலைராயன்பட்டினம்
24.2.2024

அன்புள்ள அண்ணாவுக்குப் பெனிட்டா எழுதுவது.

உங்க விரலுக்காக அம்மா தினமும் ஜெபமாலை சொல்கிறார்கள். விசாரணை பற்றி அவர்களுக்குத் தெரியாது என்று அப்பா நினைத்துக்கொண்டிருக்கிறார். கடிதத்தை முதலில் படித்ததே அம்மாதான்.

அப்பா அதை எடைமேடைக்குக் கொண்டுபோய்ப் படித்திருக்கிறார். லாரி வரிசை ரோடு வரைக்கும் நின்றதாம். ஓட்டுநர்கள் ஆரன் அடித்தும் அசையவில்லையாம். வீட்டுக்கு வந்து ஒரு ஜோக்குகூடச் சொல்லவில்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருக்கிறது.

அப்பா உங்களுக்கு எழுத மாட்டார், நான் எழுதுகிறேன். ஜனவரியில் நாங்கள் ஒரு தப்பு செய்தோம். என்னவென்று அவரே சொல்லட்டும். அதற்குப் பத்து நாள் கழித்துக் கரையோரப் போலீசில் இரண்டு பேர் பாய் கடைக்கு வந்து, பழைய வயர்லெஸ் பெட்டி ஏதாவது யாருக்காவது விற்றீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். “இரும்பு வாங்குறவன் பேரை எழுதி வைக்க நான் என்ன கல்யாண ரிஜிஸ்டராங்க?” என்று பாய் அனுப்பிவிட்டார். இதுவரை யாருக்கும் தெரியாது. நாம் வாயைத் திறக்காத வரைக்கும் தெரியாது.

அண்ணா, ஒன்று கேட்கட்டுமா? ‘அனுப்பினேன் என்று சொல்லியிருக்கிறேன்’ என்று எழுதியிருக்கீங்க. ‘அனுப்பினேன்’ என்று எழுதவில்லை. அப்பா அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறார்.

உங்க தங்கை
பெனிட்டா

*

இராணுவத் தபால் வழி
8.3.2024

அன்புள்ள அப்பா, பெனிட்டா,

நலம் கேட்க மறந்தால் மன்னித்துவிடுங்கள்.

எனக்குத் தெரியவில்லை. இதுதான் உண்மை. கையுறையைக் கழற்றினேன். ஒரு நிமிஷத்தில் விரல் மரக்கட்டை ஆகிவிட்டது. கீயின் மேல் கை இருந்ததைக் கண்ணால் பார்த்தேன். அழுத்துகிறேன் என்று நினைத்தேன். அழுத்தும்போது காதில் ஒரு கீச்சொலி கேட்க வேண்டும். காதுக் கருவி உறைந்து போயிருந்ததால் ஒன்றும் கேட்கவில்லை. என் விரல் உண்மையிலேயே அந்தக் கீயை இறக்கியதா, வெறுமனே மேலே கிடந்து நடுங்கியதா? தினமும் ராத்திரி போர்வைக்குள் அந்த விரலை மடக்கி மடக்கிப் பார்க்கிறேன். அதற்கும் நினைவில்லை.

அறையில் இருந்தது இரண்டே பேர். பிஷன் சிங் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காதை மூடிக் கம்பளி கட்டிக்கொண்டு சுற்றினார். விசாரணையில் கேட்டார்கள்: இவன் அனுப்பியதைப் பார்த்தாயா? பார்க்கவில்லை. கேட்டாயா? கேட்கவில்லை. “நான் சமையல்காரன், சுற்றச் சொன்னார்கள், சுற்றினேன், மெஷினும் சரியில்லை” என்றார். அதுவும் எனக்கு எதிராகத்தான் போயிருக்கிறது. மெஷினே சரியில்லாதபோது எதை அனுப்பினாய் என்கிறார்கள்.

தாபாவின் அம்மாவுக்குக் கடிதம் எழுத மூன்று தடவை உட்கார்ந்தேன். என்ன எழுதுவது? ஏப்ரல் முதல் வாரத்தில் முடிவு சொல்வார்கள். பெனிட்டா, உன் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். அப்பா செய்தது என்னவாக இருந்தாலும் எழுத வேண்டாம். இப்போது அதையும் தாங்க முடியாது.

ஜோசப்

*

திருமலைராயன்பட்டினம்
17.3.2024, ஞாயிறு, பூசை முடிந்து

அன்பு ஜோசப்புக்கு,

உன் விரல் எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். எழுத வேண்டாம் என்றாய். எழுதித்தான் ஆக வேண்டும். தவக்காலம், செய்த பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம் கோயில் சாமியாரிடம் செய்ய வேண்டியது. வரிசையில் உன்னை முன்னால் விட்டிருக்கிறேன்.

பெட்டி கட்டிலுக்கு அடியில் இல்லை, பரணில் இருந்தது. நான் தென்னையில் ஏறியது தேங்காய்க்கு இல்லை, கம்பி கட்ட. ஜனவரி இருபதாம் தேதி சாயங்காலம், உன்னிடமிருந்து சேதி இல்லாமல் முப்பத்து மூன்றாவது நாள், கம்பியை மாட்டினோம். நான் சுற்றினேன், பெனிட்டா தட்டினாள். உரிமம் இல்லாமல், கடற்கரையில், இராணுவத்தில் மகன் இருக்கிற ஒருவன். அவள் என் பிள்ளை, நான் சொன்னதைச் செய்தாள். குற்றம் முழுக்க என்னுடையது. அன்றைக்கும் அந்தக் கைப்பிடி இறுகி இறுகி விட்டது. துரு இன்னும் போகவில்லை என்று மறுநாள் மறுபடியும் எண்ணெய் ஊற்றினேன்.

உன் கடிதம் வந்தது. ‘மெஷினும் சரியில்லை’ என்ற இடத்துக்கு வந்ததும் என் கைப்பிடி நினைவு வந்தது. அந்த ஆளும் என்னை மாதிரி ஒரு முட்டாள் என்று தோன்றியது. உடனே பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினேன். இந்தத் தடவை தென்னைக் கம்பியைக் கழற்றிவிட்டேன். பெனிட்டா கீயின் ஒயரை நீட்டி அடுப்பங்கரைக்குக் கொண்டுபோனாள். நடுவில் கதவைச் சாத்தினோம். அவளைப் பார்க்கிற மாதிரி சன்னல் பக்கம் உன் அம்மா நின்றாள். நான் கூடத்தில் உட்கார்ந்து சுற்றினேன். இஷ்டம்போல் அழுத்து, இஷ்டம்போல் விடு என்று சொல்லி வைத்திருந்தேன்.

லேசாகச் சுற்றியது. திடீரென்று இறுகியது.

“இப்ப அழுத்துறா” என்றேன்.

“ஆமாங்க.”

“விட்டுட்டா.”

“ஆமாங்க.”

“இப்ப நீளமா… இப்பச் சின்னதா ஒண்ணு… இன்னொண்ணு.”

“ஆமாங்க… ஆமா…” அம்மாவின் குரல் மாறிவிட்டது. “உங்களுக்கு எப்புடிங்க தெரியிது?”

“கை கனக்குது செல்வம்.”

இருபது தடவை. ஒன்றுகூடத் தப்பவில்லை. சும்மா கேட்டுக்கொண்டிருக்கும்போது லேசு. கீயை அழுத்திச் சேதி போகும்போது கனம். தாத்தா ஏன் வெள்ளைக்காரனைக் கேட்கவில்லை என்று அவர் செத்து இருபது வருஷம் கழித்துப் புரிகிறது. பதினாலு வருஷமாக எடைமேடையில் உட்கார்ந்திருக்கிறேன், என் கைக்கே வந்த எடையைத் துரு என்று சொல்லி எண்ணெய் ஊற்றியிருக்கிறேன்.

அதனால், பிஷன் சிங்கிடம் பார்த்தாயா, கேட்டாயா என்று கேட்க வேண்டாம். கைப்பிடி இறுகியதா என்று கேட்கச் சொல். அது மட்டும்தான் கேள்வி. இறுகவே இல்லை என்று அவர் சொன்னாலும் சொல்லலாம் ஜோசப். அப்படிச் சொன்னால் அதையும் எனக்கு மறைக்காமல் எழுது. நாங்கள் இங்கேதான் இருப்போம்.

கம்பி கட்டாமல் வீட்டுக்குள் சோதித்தோம் என்று மட்டும் எழுதினால் போதும் என்று பெனிட்டா அழுதாள். நானும் அப்படி ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பாதி உண்மையை எழுதிவிட்டு, உன் உண்மையை முழுசாக நம்பு என்று உன் அதிகாரியிடம் எந்த முகத்தோடு கேட்பது? ஆகையால் இந்தக் கடிதத்தை அவரிடம் கொடு. அவர் போலீசுக்கு அனுப்பினால் அனுப்பட்டும். என் முழுப் பெயர் அ. சந்தனசாமி. முகவரி மேலே சரியாக இருக்கிறது.

பயந்துகொண்டுதான் எழுதுகிறேன். இது வீரம் என்று நினைத்துவிடாதே.

அப்பா

*

இராணுவத் தபால் வழி
12.4.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் எல்லோரும் நலமா? விரலில் ஒன்றுக்கு உணர்வு வந்துவிட்டது. ஊசியால் குத்தினால் வலிக்கிறது. இப்படிச் சந்தோஷமாக யாரும் வலியைச் சொன்னதில்லை என்றார் டாக்டர்.

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் சட்டைப் பைக்குள் வைத்திருந்தேன். கொடுத்தால் நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள். அதைவிட, பிஷன் சிங் ‘இல்லை’ என்று சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு எனக்குச் சந்தேகம்கூட மிஞ்சாது. மூன்றாம் நாள் கொடுத்தேன். தமிழ் தெரிந்த ஒரு சுபேதார் அதிகாரிக்கு வரி வரியாக வாசித்துச் சொன்னார். தேங்காய் எண்ணெய் வந்த இடத்தில் அவர் நிறுத்தினார். யாரும் சிரிக்கவில்லை.

பிஷன் சிங்கைக் கூப்பிட்டார்கள். மாவுக் கையோடு வந்தார். அன்று கைப்பிடி எப்படி இருந்தது என்று மட்டும் அதிகாரி கேட்டார். என்னைப் பார்க்கவே இல்லை.

பிஷன் சிங்குக்குக் கோபம் வந்துவிட்டது. “அன்னைக்கே சொன்னேனே சாப், மெஷின் சரியில்லைன்னு! நல்லா சுத்திக்கிட்டே இருக்கும், திடீர்னு இறுகும், விடும், மறுபடி இறுகும். என் தோள்பட்டை ரெண்டு நாள் வலிச்சுது. யாராவது என்னன்னு கேட்டீங்களா? நான் எழுதிக்கூட வச்சேன்.”

எங்கே எழுதினாய் என்றார் அதிகாரி.

ஸ்டோரில், மண்ணெண்ணெய் டின்னுக்குப் பின்னால், சாமான்களின் பழுது எழுதும் நோட்டு ஒன்று தொங்குகிறது. ஸ்டவ், லாந்தர், குக்கர் என்று அவர்தான் எழுதுவார். விசாரணையில் என் பதிவேட்டை எடுத்தார்கள், அந்த நோட்டை யாரும் நினைக்கவில்லை. இந்தியில் இருந்தது. அப்படியே எழுதுகிறேன்: ‘ஜனவரி 9. பகல் 3.45. கை டைனமோ. கைப்பிடி பலமுறை இறுகி இறுகி விட்டது. எண்ணெய் தேவை.’ கீழே அன்று சாயங்காலம் ஸ்டோர்காரர் போட்ட கையெழுத்தும் தேதியும்.

அதிகாரி அந்த வரியை விரல் வைத்து இரண்டு தடவை படித்தார். பிறகு, “எண்ணெய் போட்டீங்களா?” என்றார்.

“கடுகெண்ணெய் போட்டேன் சாப்.”

டைனமோவைக் கொண்டுவரச் சொல்லி அதிகாரியே உட்கார்ந்து சுற்றினார், என்னைக் கீயை அழுத்தச் சொன்னார். மூன்று தடவைக்குப் பிறகு, போதும் என்று எழுந்துவிட்டார். பயிற்சியின்போது இதை எங்களுக்கு ஒரு வரியாகச் சொல்லித்தந்திருக்கிறார்கள் அப்பா. பரீட்சையில் எழுதிவிட்டு மறந்துவிட்டேன். கைப்பிடி பக்கம் ஒருநாள்கூட உட்காராதவன்.

என் மேல் குற்றம் இல்லை என்று எழுதிவிட்டார்கள். சேதி போயிருக்கிறது. மலை குறுக்கே நின்றதோ, அவர்கள் பேட்டரியும் செத்ததோ, போய்ச் சேரவில்லை. நேற்று தாபாவின் அம்மாவுக்கு எழுதினேன். மூன்று பக்கம்.

உங்கள் கடிதம் கோப்பில் இருக்கிறது. அதை மறைக்க முடியாது என்று அதிகாரி சொன்னார். நகல் காரைக்கால் போலீசுக்குப் போகும். அதற்கு முன்னால் நீங்களே போய் ஒப்படைத்துவிட்டால் நல்லது என்றார். பிறகு, ஜனவரி இருபதாம் தேதி உன் அப்பா என்ன சேதி அனுப்பினார் என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். நீங்கள் அதை எழுதவே இல்லை.

ஜோசப்

*

திருமலைராயன்பட்டினம்
28.4.2024

அன்பு மகன் ஜோசப்புக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் அம்மா ஒரே உட்காரலில் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள். நம் குடும்பத்தின் முதல் குற்றவாளியாகிய நானும் சுகம்.

வெள்ளிக்கிழமை பெட்டியைப் பாயின் மூன்று சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு கரையோரக் காவல் நிலையத்துக்குப் போனேன். பாயும் கூடவே வந்தார். “வித்தவனும் வாங்குனவனும் ஒண்ணா வந்தா பாதி வேலை மிச்சம்ல?” என்றார். இன்ஸ்பெக்டர் நவநீதன் என்று ஒருவர், சின்ன வயது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். நம்பவில்லை.

“எந்தத் தேசத்துக்கு அனுப்புனீங்க?”

“தெரியாதுங்க. வடக்க பாத்துக் கட்டணும்னுதான் ஏறுனேன். தென்னை கடல் பக்கமா சாஞ்சிருக்குங்க.”

“விளையாடுறீங்களா?”

“இல்லீங்க. விழுந்தேனுங்க.”

கைப்பிடி இறுகுகிற கதையைத்தான் சுத்தமாக நம்பவில்லை. ஜவஹர் அலி என்கிற கான்ஸ்டபிளைக் கூப்பிட்டு, கம்பி எதுவும் இல்லாமல் சுற்றச் சொன்னார். என்னைக் கீ பக்கம் உட்கார வைத்தார். என் வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தப் பக்கம். பெனிட்டா எனக்குச் சாப்பாட்டு மேசையில் விரலால் தட்டிச் சொல்லிக் கொடுத்திருந்தாள், ஒரே ஒரு சொல். அதைத் தட்டினேன். ஒரு எழுத்துகூட விடவில்லை.

“ஐயா, இறுகுதுங்கய்யா” என்றார் ஜவஹர் அலி. “விட்டுருச்சு… திரும்ப இறுகுது… யோவ், யாருய்யா புடிக்கிறது?” என்று பின்னால் திரும்பிப் பார்த்தார்.

இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டார். “இப்ப என்ன அடிச்சீங்க?”

“எம் மவன் பேருங்க.”

“ஜனவரியில?”

“அதேதாங்க. அது ஒண்ணுதான் எங்க ரெண்டு பேருக்கும் அடிக்கத் தெரியும். அரை மணி நேரம் அதையேதான் அடிச்சோம்.”

அவர் ஜவஹர் அலியை எழுந்திருக்கச் சொன்னார். பிறகு டீ வாங்கிவரச் சொன்னார். டீயைக் குடிக்கவிட்டு வழக்கையும் எழுதினார். எழுதாமல் விட முடியாது என்று அவரே சொன்னார், சரிதான். ஜூன் மாதம் கோர்ட்டு. பெனிட்டா பெயரைச் சேர்க்கவில்லை. பெட்டிக்கு ரசீது கொடுத்தார். அதைத் தாத்தா படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறேன். கட்டில் போனது போனதுதான்.

தாபாவின் அம்மா பதில் எழுதினால் எனக்குச் சொல். பிஷன் சிங்கிடம், கடுகெண்ணெயானாலும் தேங்காய் எண்ணெயானாலும் நாங்கள் இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடம் என்று சொல். மற்ற விரலுக்கும் உணர்வு வர மாதாவுக்கு நேர்ந்திருக்கிறேன்.

இந்தக் கடிதம் கிடைத்ததும் ஒரு வரி போடு. அனுப்பியது எனக்குத் தெரியும். வந்து சேர்ந்ததா என்று நீதான் சொல்ல வேண்டும்.

அப்பா